உஸ்தெத் எவ்வளவு தூரம்?

"யா கோமிஸ்தே?" சாப்பிட்டாயா? போகோட்டாவுக்கு வந்த நாளிலிருந்து ஏழு மாதமாக, தினமும் மாலை நான் கதவைத் திறந்து ஈரக்குடையைச் சுருக்கும்போது சமையலறைக்குள்ளிருந்து வரும் முதல் குரல் இதுதான். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. மாடியறையை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். சமையலறை இருவருக்கும் பொது. ஸ்பானிஷில் எனக்கு இருபது வாக்கியம்கூடச் சரியாக வராத நாட்களிலும் இந்தக் கேள்விக்கு மட்டும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவேன். அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை மாலை அதே கேள்வி வேறு மாதிரி வந்தது. "உஸ்தெத் யா கோமியோ?" நீங்கள் சாப்பிட்டீர்களா? குடையைச் சுருக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டு மாடியேறினேன். அன்று இரவு பசியோடுதான் படுத்தேன். பசியைவிட அந்த 'நீங்கள்' தான் தூங்கவிடாமல் செய்தது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நேற்றுவரை 'வா, உட்காரு' என்றவர் இன்றைக்கு 'வாங்க, உட்காருங்க' என்றால், நடுவில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். நண்பர்களுக்குள் சண்டை வந்தால் முதலில் மாறுவது அந்த விகுதிதானே. கோபத்தைக் கத்திக் காட்டாதவர்கள் மரியாதையாகக் காட்டுவார்கள். நான் வளர்ந்த வீட்டில் நெருக்கம் கூடக்கூட 'ங்க' உதிர்ந்துகொண்டே வரும். அம்மாவை 'நீ' என்றுதான் பேசுவோம். சித்தியும் 'நீ' தான். மாமா வீட்டுக்கு வந்தால் முதல் நாள் 'நீங்க', இரண்டாம் நாள் மாலைக்குள் அதுவும் போய்விடும். அந்தக் கணக்கைத்தான் நான் கொலம்பியாவுக்கும் எடுத்துக்கொண்டு போனேன்.

வகுப்பில் அந்தக் கணக்கு எனக்குப் பெரிய பலமாகவும் இருந்தது. ஸ்பானிஷில் 'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். ஆங்கிலம் வழியாக வந்தவர்கள் எங்கே எதைச் சொல்வது என்று திணறுவார்கள். எனக்கோ அது பிறந்ததிலிருந்து வாயில் இருக்கும் வித்தியாசம். ஒன்றே ஒன்றுதான் தொந்தரவு செய்தது. தமிழ்க் காதுக்கு 'தூ' என்பது துப்புவதுபோல விழும். ஒரு பெரிய மனுஷியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முதல் வாரமெல்லாம் நாக்கு கூசியது. ஆனால் ஊரைவிட்டுக் கிளம்புமுன் நான் படித்த பாடங்கள் எல்லாமே 'தூ'வில்தான் இருந்தன. தெரிந்ததைக் கொண்டுதானே பேச முடியும்? வந்து இறங்கிய அன்றே அவரிடம் 'தூ' என்று பேச ஆரம்பித்தேன். அவரும் 'தூ' என்றே பதில் சொன்னார். கடல் தாண்டி வந்த இடத்தில் முதல் நாளே ஒருவர் என்னை 'நீ' என்கிறார் என்று மனசு குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வந்தது என்று நான் புரிந்துகொண்டது முழுக்கத் தப்பு என்பது அப்போது தெரியாது.

கதவருகே ஒரு சொல்

போகோட்டா கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமத்தியரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் வருடம் முழுக்க ஒரே குளிர். சராசரி 14 டிகிரி. வீடுகளைச் சூடாக்கும் வசதி வழக்கத்தில் இல்லை. முதல் மாதம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். தண்ணீர் 92 டிகிரியை எட்டுவதற்குள் கொதித்துவிடும் என்பதால் துவரம்பருப்பு பாத்திரத்தில் வேகவே வேகாது. கிழக்கே மொன்செர்ராத்தே மலை சுவர்போல நிற்கும். வழி தெரியாமல் திகைத்தால் அந்த மலையைப் பார்த்துத் திசையைப் பிடித்துக்கொள்ளலாம். மலையை ஒட்டி வடக்கு தெற்காக ஓடும் தெரு கர்ரேரா. அதைக் குறுக்கே வெட்டிப்போவது காயே. வீட்டு எண்ணிலேயே அது எந்தக் குறுக்குத் தெருவிலிருந்து எத்தனை மீட்டர் என்பது இருக்கும். முகவரியை ஒருமுறை புரிந்துகொண்டால் யாரிடமும் கேட்காமல் நகரம் முழுக்கச் சுற்றிவரலாம். தெருக்கள் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டன. மனிதர்கள் பேசியதுதான் பிடிபடவில்லை.

ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். வந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. மாடிக்குப் போகிற வழியில் அவருடைய அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தயங்கி நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, கையை நீட்டி, "ஸீகா, ஸீகா" என்றார். அகராதிப்படி அது 'தொடருங்கள்' என்ற சொல். 'நீ உன் வழியில் போ' என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, தலையசைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். கொலம்பியாவில் வாசலில் நிற்கிறவரைப் பார்த்து 'ஸீகா' என்றால் 'உள்ளே வாங்க' என்று அர்த்தம். கடைக்காரர்கள் சொல்வார்கள், அலுவலக வரவேற்பில் சொல்வார்கள், டாக்டரும் சொல்வார். அது தெரியவந்தபோது ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்த ஒரு மாதத்தில் எத்தனை 'வாங்க'வை 'போ' என்று கேட்டுவிட்டு விலகியிருப்பேனோ. இன்னொரு கவனிக்க வேண்டிய விஷயமும் அதில் இருந்தது. 'தூ' போட்டுப் பேசினால் அது 'ஸீகே' என்று வர வேண்டும். வீட்டு மனிதர்கள் சூழ இருந்த அந்த நேரத்தில் அவர் வாயில் தானாக வந்தது உஸ்தெத் வடிவம். அது அன்றைக்கே என் காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை.

இந்த ஊரின் ஸ்பானிஷ் அப்படித்தான், ஒவ்வொரு சொல்லும் புத்தகத்தில் இருந்ததைவிட ஒரு அடி தள்ளி நிற்கும். வேறு ஸ்பானிஷ் நாடுகளில் 'தின்தோ' என்றால் சிவப்பு ஒயின். இங்கே அது பால் சேர்க்காத காப்பி. காப்பி வேண்டுமென்றால் 'கொடுங்கள்' என்று கேட்பதில்லை, 'எனக்கு ஒரு தின்தோ பரிசளிக்கிறீர்களா' என்று கேட்பார்கள். கேட்டு வாங்கிக் காசும் கொடுப்பார்கள். யாரையாவது லேசாக இடித்துவிட்டால் 'கே பேனா கோன் உஸ்தெத்'. உங்களிடம் எவ்வளவு கூச்சமாக இருக்கிறது என்று பெயர்க்கலாம். முன்பின் தெரியாத பெண்கள் என்னை 'மிஹா' என்பார்கள். 'என் மகள்' என்ற இரண்டு சொல்லும் தேய்ந்து ஒன்றானது அது. தெருவில் போகிற எவரையும் அக்கா என்றும் அண்ணா என்றும் கூப்பிட்டுப் பழகியவளுக்கு, அந்த 'மிஹா' கேட்கும்போதெல்லாம் தொண்டையில் ஏதோ செய்யும்.

காய்ச்சல்

அக்டோபர் மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. கணவர் பத்தரை மணி நேரம் தள்ளி, பூமியின் அந்தப் பக்கத்தில் இருந்தார். நான் காய்ச்சலோடு விழித்திருக்கும் நேரத்தில் அங்கே அவர் அலுவலகத்தில் இருப்பார். வீட்டுக்கார அம்மா அந்த மூன்று நாளும் மாடி ஏறி இறங்கினார். முழங்கால் வலியோடு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி ஏறுவார். அந்தச் சத்தம் எனக்குப் படுக்கையில் கேட்கும். கையில் அகுவாபனேலா இருக்கும். பனேலா என்பது நம் அச்சுவெல்லமேதான், கட்டிகட்டியாக விற்பார்கள். அதை வெந்நீரில் கரைத்து எலுமிச்சை பிழிந்து தருவார். ஆறுவதற்குள் குடிக்க வைப்பார். முதல் வாயில் பானகத்தின் வாசனை வந்தது. நான் அழுதுவிட்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, காய்ச்சல் இறங்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்து எதையோ தைத்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் எழுந்து வேலைக்குப் போய்விட்டு வந்தேன். அன்றைக்குத்தான் அந்த வியாழக்கிழமை.

என் மனம் உடனே கணக்குப் போட்டுவிட்டது. வாடகைக்கு வந்தவள் எல்லை மீறிவிட்டாள். வயதானவரை மூன்று நாள் மாடியேற வைத்துவிட்டாள். அழுதும் தொலைத்தாள். அதனால் அந்த அம்மா கோட்டைத் திரும்ப வரைகிறார், நாகரிகமாக, சத்தமில்லாமல், 'உஸ்தெத்' போட்டு. நான் அப்படித்தான் நம்பினேன். அடுத்த நாளும் உஸ்தெத். அதற்கு அடுத்த நாளும். ஒருமுறை தடுமாறி 'தூ' வரப்போய், திருத்திக்கொண்டு 'உஸ்தெத்' என்றதுபோல்கூட எனக்குத் தோன்றியது.

அலுவலகத்தில் என்னுடன் வேலை பார்க்கும் பெண் கரீபியன் கடற்கரைக்காரர், பர்ரான்கீயாவிலிருந்து வந்தவர். அங்கே எல்லாரும் எல்லாரையும் 'தூ' என்பார்கள். இன்னொருவர் காலி என்ற கொலம்பிய நகரத்துக்காரர், அவர் பேச்சில் மூன்றாவதாக 'வோஸ்' என்று ஒரு 'நீ' இருக்கும். ஒரே மேஜையைச் சுற்றி மூன்று முன்னிலைகள். கடற்கரைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கவேயில்லை. "மலைநாட்டுக்காரர்கள் அப்படித்தான், மனசைத் திறக்கமாட்டார்கள், ஊரைப்போலவே அவர்களும் குளிர்" என்றார். அன்போடு சொன்னதுதான். என் பக்கம் நின்று சொன்னதுதான். நான் ஏற்கனவே நம்பியதை இன்னொருவர் வாயால் கேட்டதும் அது எனக்குச் சாட்சியாகிவிட்டது.

இரண்டு வாரம்

இந்தப் பகுதியை எழுதத்தான் இந்தக் கட்டுரையை இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு வாரத்தில் அந்த அம்மாவிடம் நான் நடந்துகொண்ட விதம் இன்னமும் உறுத்துகிறது. வெளியே சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தேன். சமையலறையில் விளக்கு அணைந்த பிறகுதான் உள்ளே வருவேன். வேண்டுமென்றே கர்ரேரா 7-இல் வடக்கும் தெற்குமாக நடந்து நேரத்தைக் கடத்துவேன். அந்த மாத வாடகையை ஒரு உறையில் போட்டு மேஜைமேல் வைத்தேன். அதுவரை அவர் கையில் கொடுத்து, ஒரு காப்பி குடித்து, தெருக்கதை கேட்டுவிட்டுத்தான் மாடியேறுவேன். பேச வேண்டி வந்தால் நானும் 'உஸ்தெத்' போட்டேன், ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி. அவர் முதல் வாரம் 'உஸ்தெத் யா கோமியோ' என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் சாப்பிட்டாயிற்று, சாப்பிட்டாயிற்று என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது வாரம் கேட்பதை நிறுத்திவிட்டார். அடுப்பில் எனக்கென்று மூடி வைத்திருந்த சிறிய பாத்திரமும் ஒருநாள் இல்லாமல் போனது. அதைப் பார்த்ததும், நான் நினைத்தது சரிதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகப் பிடிக்காத சனிக்கிழமை ஒன்றில் லா கந்தெலாரியாவின் பழைய தெருக்களில் அலைந்தேன். காயே 10-இல் ருஃபினோ ஹொசே குவெர்வோவின் வீடு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மொழியறிஞர். சகோதரருடன் சேர்ந்து பீர் காய்ச்சி விற்ற வருமானத்தைக் கொண்டு 1882-இல் பாரிஸுக்குக் குடிபோய், ஸ்பானிஷ் சொற்களுக்கு ஒரு அகராதி எழுத உட்கார்ந்தவர். சொல்லின் பொருளோடு அவர் நிற்கவில்லை. ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும், சேர்ந்தபின் என்னவாகும் என்பதை எழுத்தாளர்களின் வாக்கியங்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். முதல் தொகுதி 1886-இல் வந்தது, இரண்டாவது 1893-இல். அதற்குள் 'டி' எழுத்துவரைதான் எட்ட முடிந்தது. 1911-இல் பாரிஸில் இறந்துபோனார். அவர் பெயரையும் தாங்கி 1942-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் மிச்சத்தை எடுத்துச் செய்து, எட்டுத் தொகுதிகளாக 1994-இல் முடித்தது. அந்த முற்றத்தில் நின்றபோது எனக்குள் இருந்த ஆத்திரம் கொஞ்சம் தணிந்தது. ஒரு மனிதர் ஆயுளைக் கொடுத்து நாலு எழுத்தை முடித்திருக்கிறார். நானோ ஏழு மாத ஸ்பானிஷை வைத்துக்கொண்டு ஒரு மனுஷியின் மனசையே வாசித்துவிட்டதாக நம்புகிறேன். அன்று மாலை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே வீட்டுக்குப் போனேன். ஆனாலும் அவரிடம் பேசத் துணிவு வரவில்லை.

கோமா, கோமே

மறுநாள் ஞாயிறு. போகோட்டாவில் ஞாயிறு காலை ஏழு மணியிலிருந்து மதியம் இரண்டு மணிவரை முக்கியமான சாலைகளில் கார்களை நிறுத்திவிட்டுச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிடுவார்கள். 1974-இல் தொடங்கிய வழக்கம் இது. அதனால் ஞாயிறு விடியலில் வீட்டுக்குள் ஒரு அசாத்திய அமைதி இருக்கும். நான் தண்ணீர் எடுக்க இறங்கினேன். பாதிப்படியில் கீழே பேச்சுக்குரல் கேட்டு நின்றுவிட்டேன்.

வீட்டுக்கார அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்த முழங்காலோடு எப்படி உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. மடிக்குப் பக்கத்தில் அவருடைய கிழட்டு நாய். அதற்கு இரண்டு நாளாக உடம்பு சரியில்லை, எதையும் தொடவில்லை. வேகவைத்த கோழியைக் கையாலேயே உதிர்த்து அதன் வாயருகே நீட்டிக்கொண்டு, மிகத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "கோமா, மி அமோர், கோமா."

'சாப்பிடு' என்பதற்கு 'தூ' வடிவம் 'கோமே'. அவர் சொன்னது 'கோமா'. சாப்பிடுங்கள், என் செல்லமே, சாப்பிடுங்கள்.

ஒரே ஒரு உயிரெழுத்து வித்தியாசம். ஆனால் எனக்குக் கால் தளர்ந்து அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாயிடம் யாராவது தூரம் காட்டுவார்களா? நாயிடம் கோடு கிழிப்பார்களா? பதினான்கு வருடம் காலடியில் படுத்துக் கிடந்த உயிரிடம் அவர் வாயில் தானாக வரும் சொல் அது. உடனே வேறு பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வேறு ஊரில் இருக்கும் மகனிடம் தொலைபேசியில் "உஸ்தெத் எப்போது வருகிறீர்கள், மிஹோ?" என்று கேட்டது. செத்துப்போன கணவரின் படத்தைத் துடைத்துக்கொண்டே அதனிடம் ஏதோ கடிந்துகொண்டது. அதுவும் உஸ்தெத். இரவு படுக்குமுன் ஜெபிக்கும்போது மட்டும், பரலோகத்தில் இருக்கிறவரை அவர் 'தூ' என்கிறார். நாமும் ஆண்டவனை 'நீ' என்றுதானே பாடுகிறோம். கடவுளுக்கு நீ. மகனுக்கும் கணவருக்கும் நாய்க்கும் நீங்கள். அப்படியென்றால் அந்த வீட்டில் ஏழு மாதமாக 'தூ' என்று அழைக்கப்பட்ட ஒரே மனித ஜீவன் நான்தான்.

எழுந்து போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நாய் என் கையை முகர்ந்தது. என் உடைந்த ஸ்பானிஷில், காய்ச்சலுக்குப் பிறகு ஏன் என்னை உஸ்தெத் என்கிறீர்கள், நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா என்று கேட்டேன். அவருக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. தான் மாற்றிப் பேசியதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. விளங்கியதும் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: வந்த அன்று நீ 'தூ' என்றாய், வெளிநாட்டுப் பிள்ளை, அவளுக்குத் தெரிந்தது அதுதான் என்று நானும் சிரமப்பட்டு அப்படியே பேசினேன். "விருந்தாளிகிட்ட பேசற மாதிரியே எத்தனை நாள் பேசறது, மிஹா? நீங்க காய்ச்சல்ல கிடந்தப்போ எனக்கு அதெல்லாம் மறந்துபோச்சு." பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "என் சமையல் அலுத்துப்போச்சுன்னு நினைச்சேன்" என்றார்.

மொழியறிஞர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கொலம்பிய மலைநாட்டில் இரண்டு உஸ்தெத் உண்டு, ஒன்று அந்நியருக்கு, இன்னொன்று மிக நெருங்கியவருக்கு. நடுவில், இன்னும் அவ்வளவாக ஒட்டாத இடத்தில்தான் பல பேருக்குத் 'தூ' வருகிறது. பக்கத்திலுள்ள போயாகா பகுதியில் 'ஸுமெர்ஸே' என்று இன்னொரு சொல்லும் புழங்குகிறது. உஸ்தெத், ஸுமெர்ஸே இரண்டுமே 'உங்கள் கருணை' என்ற பழைய விளியிலிருந்து தேய்ந்து வந்தவை. அரசவைக்குரிய சொல் படியிறங்கிச் சமையலறைக்கு வந்து, நாயின் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இதையெல்லாம் பிறகுதான் படித்தேன். முன்பே படித்திருந்தால் அந்த இரண்டு வாரமும் நடந்திருக்காது என்று சொல்ல ஆசைதான். ஆனால் என் சொந்த மொழியிலேயே எனக்கு இது நடந்திருக்கிறது. அங்கே பதினோரு வருடம்.

அத்தை

என் கணவர் கொங்குநாட்டுக்காரர். கல்யாணமாகிப் போன முதல் நாளிலிருந்து அத்தை என்னை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். மகனை மட்டும் 'டா' போட்டுக் கூப்பிடுவார். அந்த வித்தியாசம் எனக்கு முள்ளாகக் குத்தியது. என்னை இந்த வீட்டுப் பெண்ணாக எடுத்துக்கொள்ளவில்லை, எப்போதும் ஒரு கை தள்ளித்தான் வைக்கிறார் என்று நினைத்தேன். முதல் வருடம் ஒருநாள் துணிந்து, "அத்தை, என்னை நீன்னே கூப்பிடுங்களேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதெப்புடீங்க அம்மிணி வரும்?" என்றார். வராது என்கிறார், மறுத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அதன்பின் நானும் அளந்துதான் பேசினேன். சண்டை எதுவும் இல்லை. ஊருக்குப் போனால் இருப்பேன், வேலை செய்வேன், கிளம்பி வந்துவிடுவேன். பதினோரு வருடம் அப்படியே ஓடியது. நடுவில் அவர் எத்தனை முறை "சாப்டீங்களா?" என்று கேட்டிருப்பார். எத்தனை முறை ஆச்சுங்க அத்தை என்று நான் அங்கேயே அந்தப் பேச்சை வெட்டிவிட்டிருப்பேன்.

போகோட்டாவின் அந்தச் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த காட்சி ஒரு கட்டுத்தரை. விடிகாலை. தாய்ப்பசு செத்துப்போன கன்று ஒன்று இருந்தது. அத்தை அதற்குப் புட்டியில் பால் புகட்டிக்கொண்டிருந்தார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் அதன் தாடையைத் தடவித் தடவிச் சொன்னார்: "குடிங்க சாமி, குடிங்க." நான் அப்போது வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தேன். கேட்டேன். நன்றாகவே கேட்டேன்.

தமிழிலக்கணத்தில் இதற்கு ஓர் இடம் இருப்பது பிறகு நினைவுக்கு வந்தது. ஒருவரைப் பன்மையில் சொல்வதையும், ஒன்றைப் பன்மையில் சொல்வதையும் தொல்காப்பியம் சேர்த்தே குறிப்பிடுகிறது. 'வழக்கினாகிய உயர்சொற் கிளவி' என்கிறது. இலக்கண வழிப்பட்டது அல்ல, வழக்கிலிருந்து வந்தது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த நூற்பா. 'ஒன்றனை' என்ற சொல்லில் அஃறிணையும் அடக்கம் என்பதை அப்போது வாத்தியார் சொல்லியிருப்பார். அத்தையின் கன்றும் இந்த அம்மாவின் நாயும் அந்த ஒரு சொல்லுக்குள் நிற்கின்றன. வழக்கு என்றால் யாருடைய வழக்கு, எந்த வீட்டின் வழக்கு என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. என் வீட்டு வழக்கைத் தமிழின் வழக்கு என்று வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை ஏழு மணிக்கு அத்தைக்குத் தொலைபேசினேன். அங்கே விடிகாலை ஐந்தரை. அவர் எழுந்து கட்டுத்தரைக்குப் போயிருக்கும் நேரம் என்று தெரியும். வழக்கமாகப் பண்டிகைக்குத்தான் நான் பேசுவேன் என்பதால் பதறிப்போனார். "என்னுங்க அம்மிணி, உடம்புக்கு ஏதாச்சுமுங்களா?" ஒன்றுமில்லை அத்தை, சும்மாதான் என்றேன். சும்மாவா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, பிறகு நிதானமானார். பின்னால் மாடு மணியாட்டும் சத்தம் கேட்டது. மழை உண்டா என்றார். குளிர் எப்படி, பருப்பு வேகிறதா என்றார். பருப்பு வேகாததை எப்போதோ கணவரிடம் புலம்பியிருந்தேன், அது இவர்வரை போயிருக்கிறது. காய்ச்சல் வந்ததைச் சொன்னேன். யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டார். வீட்டுக்கார அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். வெல்லத் தண்ணீர் தந்ததை, மாடியேறி வந்ததை. அவர் "உம்" கொட்டிக்கொண்டே கேட்டார். அத்தையிடம் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நான் பேசியது அதுதான் முதல் தடவை. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். எதற்கு என்று எப்படிச் சொல்வது? பதினோரு வருடத்தை எந்த வாக்கியத்தில் வைப்பது? தொண்டை அடைத்துக்கொண்டு நிற்கும்போது, "சாப்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க அத்தை, இன்னும் சாப்பிடலைங்க" என்றேன். அவர் பேசுவதுபோலவே வந்துவிட்டது.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. இந்தப் பக்கம், கீழே, அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. தட்டு வைக்கும் சத்தம். பிறகு மாடிப்படியின் அடியிலிருந்து அந்த அம்மாவின் குரல், தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி: "வெங்கா! வெங்கா, கெ செ என்ஃப்ரியா!"

"யாருங்க அது?" என்றார் அத்தை. "வாங்க வாங்கன்னு கூப்பிடறாங்க?"

வாருங்கள், ஆறிப்போகிறது என்பதுதான் அதன் அர்த்தம். 'வெங்கா' என்பது 'வா'வின் உஸ்தெத் வடிவம். முதல் மாதமே மனப்பாடம் செய்த சொல். வகுப்பில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஒருநாளும் எனக்கு அப்படிக் கேட்டதில்லை.

"ஆமாங்க அத்தை" என்றேன். "சாப்பிட வாங்கன்னுதான் கூப்பிடறாங்க."

"அப்பறம் என்னத்துக்குங்க நின்னு பேசிட்டு இருக்கறீங்க? ஆறிப்போயிருமில்லீங்க. போங்க சாமி, போயிச் சாப்புடுங்க."